மேல்வீட்டுப் பிள்ளை

விக்டோரியா ராணியின் தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. 1862 என்று ஆண்டு போட்டிருக்கும். ஒரு தோலா எடை. கழுத்துச் சரட்டில் கோப்பதற்காக மேலே ஒரு வளையம் பற்றவைத்திருக்கிறார்கள். ராணியின் மூக்கும் கன்னமும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன. எத்தனை குழந்தைகள் மடியில் கிடந்தபடி அதை இழுத்து வாயில் வைத்துச் சப்பினவோ! கீழக்கரையில் என்னோடு ஆசிரியையாக வேலை பார்த்த ராத்தா (அக்கா) ஒருவர், ஓய்வுபெற்ற அன்று என் உள்ளங்கையில் வைத்து மூடிய காசு அது. அவருடைய உம்மம்மாவின், அதாவது அம்மாவைப் பெற்றவரின், கழுத்தில் கிடந்ததாம்.

எனக்கு இப்போது வயது 74. ராமநாதபுரத்தில் மகன் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காசு மேசைமேல் இருக்கிறது.

அந்த ராணி 1837 முதல் 1901 வரை ஆண்டார். நான் தமிழ் படித்தவள் என்றாலும் கல்லூரியில் ஆங்கிலப் பாடமும் உண்டு. விக்டோரியா காலத்துப் பெண் கவிஞர்கள் என்று எலிசபெத் பாரெட் பிரௌனிங்கையும் கிறிஸ்டினா ரொசெட்டியையும் எங்களுக்கு நடத்தினார்கள். அவர்களுடைய அப்பா யார், அண்ணன் யார், எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருந்தார்கள், எந்த நோயில் கிடந்தார்கள், யாரை மணக்க மறுத்தார்கள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். பிறகு வேலை கிடைத்துக் கீழக்கரைக்குப் போனேன். திருப்புல்லாணி வழியாகப் போகும் பஸ்ஸில் தினமும் போய் வந்தேன். முதல் பத்து ஆண்டுகள், அந்த ஊரிலேயே அதே ராணியின் காலத்தில் ஒரு பெண் கவிஞர் பிறந்து வளர்ந்து பாடியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

சொன்னவர் ராத்தாதான். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, லண்டனில் ஒரே அறைக்குள் ஆண்டுக்கணக்கில் கிடந்து கவிதை எழுதிய பாரெட் அம்மையாரைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே ராத்தா சொன்னார்: "அதுக்கு ஏன் டீச்சர் லண்டனுக்குப் போகணும்? எங்க ஊருல மேல்வீட்டுப் பிள்ளை இருந்தாங்களே. எங்க உம்மம்மா அவங்க பாட்டை நோட்டுல வச்சுப் படிப்பாங்க."

மேல்வீட்டுப் பிள்ளை என்று ஊர் அழைத்தவர் செய்யிது ஆசியா உம்மா. 1868இல் கீழக்கரையில் பிறந்தவர், 1948இல் மறைந்தவர். 80 ஆண்டு வாழ்வில் முதல் 33 ஆண்டுகள் விக்டோரியா ராணியின் ஆட்சியில் கழிந்தன. வீட்டின் மாடியில் தனித்திருந்து தியானத்திலும் பாட்டிலும் வாழ்ந்ததால் அந்தப் பெயர். 'மெய்ஞ்ஞான தீப இரத்தினம்', 'மாலிகா இரத்தினம்' என்பவை அவருடைய பாடல் நூல்கள். இறைவனையும் நபிகளையும் இறைநேசர்களையும் தம் குருவையும் பாடியவர் அவர்.

1868 என்ற ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி பிறந்ததும் அதே 1868இல்தான். அவர் விவேகானந்தருக்குத் துணைநின்றவர். 1897 ஜனவரியில் விவேகானந்தர் பாம்பனில் வந்து இறங்கியபோது மன்னர் எதிர்கொண்ட காட்சி நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டார். அரண்மனையில் புலவர்கள் கூடினார்கள், சீட்டுக்கவி பறந்தது, பரிசில் கிடைத்தது. மன்னர் பிறந்த அதே ஆண்டில் பிறந்த ஒரு பெண், அரண்மனையிலிருந்து அரைநாள் வண்டிப் பயணத்தில் இருந்த ஊரில், மாடிப்படி ஏறிப்போய் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். ஒருவர் பெயர் சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் வைக்கப்பட்டது. மற்றவர் பெயர் பாட்டிகளின் நோட்டுப் புத்தகங்களில் தங்கியது.

அவருக்கு எட்டு வயது ஆனபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்களை வாரிக்கொண்டு போன பஞ்சம். அந்தப் பஞ்சத்துக்கு நடுவில்தான், 1877 ஜனவரி முதல் தேதி, டில்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவித்தார்கள். காசில்கூட அதுவரை இருந்த 'ராணி' போய்ப் 'பேரரசி' ஏறியது. என்னிடம் இருப்பது பழைய 'ராணி' காசு. அந்தப் பஞ்ச காலத்தில் இந்தக் காசு கைமாறியிருக்கும். எத்தனை படி அரிசிக்கு என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

ஒரு கவிஞரின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள், யார் யாருடைய தாக்கம் அவரிடம் இருக்கிறது என்று ஓர் அத்தியாயம் எழுதுவார்கள். அவர் படித்த நூல்களின் பெயர்கள் அதில் வரிசையாக வரும். ஆசியா உம்மாவுக்கு அப்படி எழுத முடியாது. அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர், நூலகத்தில் உட்கார்ந்தவரல்லர். ஆனால் கீழக்கரையை அறிந்தவர்களுக்கு அந்த மாடிக்கு என்னென்ன ஏறிப் போயிருக்கும் என்று சொல்லத் தெரியும்.

முதலில் குரு. கல்வத்து நாயகம் என்று கீழக்கரையில் போற்றப்படும் ஞானியிடம் அவர் தீட்சை பெற்றவர். 'கல்வத்து' என்ற அரபுச் சொல்லுக்கே தனித்திருத்தல் என்றுதான் பொருள். சூஃபி வழியில் அது ஒரு பயிற்சி. நபிகள் ஹிரா குகையில் தனித்திருந்ததை முன்மாதிரியாகக் கொண்டது. குருவின் பெயரே தனிமை. அந்தப் பெயரைச் சிஷ்யை வாழ்க்கையாக்கிக்கொண்டார். பல ஆண்டுகள் நான் அந்த மாடியை ஒரு சோகக் காட்சியாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்தாவிடம், "பாவம், அந்தம்மா அப்படியே மேலேயே இருந்துட்டாங்களே" என்றேன். ராத்தாவுக்கு முகம் மாறிவிட்டது. "பாவம்னு சொல்லாதீங்க டீச்சர். அவங்க ஏறிப்போனாங்க. யாரும் ஏத்தி விடல" என்றார்.

அடுத்தது குணங்குடியார். தொண்டிக்குப் பக்கத்தில் குணங்குடியில் பிறந்து, கீழக்கரையில் தைக்கா சாகிபுவிடம் பாடம் படித்து, வீட்டையும் பேசிவைத்த கல்யாணத்தையும் விட்டுக் கிளம்பியவர் மஸ்தான் சாகிபு. மலைகளிலும் காடுகளிலும் தவமிருந்தார். கடைசியில் சென்னைக்குப் போய் 1838இல் அங்கேயே அடங்கினார். கடவுளைக் காதலியாக, கண்மணியாக அழைத்து அவர் பாடிய பாடல்கள் சித்தர் பாடல்களோடு சேர்த்து வைத்துப் பாடப்பட்டன. சரவணப்பெருமாள் ஐயர் அவர்மேல் நான்மணிமாலை பாடினார் என்றால் மதம் கடந்து அவரை எப்படிக் கொண்டாடினார்கள் என்பது விளங்கும். அந்தப் பாட்டின் காற்று கீழக்கரை வீடுகளில் அடித்துக்கொண்டே இருந்திருக்கும்.

இங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. குணங்குடியாருக்கு மனம் உலகத்தை விட்டு விலகியபோது நடக்கத் திசை இருந்தது. சதுரகிரி இருந்தது, திருப்பரங்குன்றம் இருந்தது, பட்டணம் இருந்தது. அதே தாகம் ஒரு மரைக்காயர் வீட்டுப் பெண்ணுக்கு வந்தால் அவருக்கு இருந்த ஒரே வழி மாடிப்படி. பத்துப் பன்னிரண்டு படி. அவர் அந்தப் படிகளையே சதுரகிரியாக்கிக்கொண்டார். நம் மரபில் காரைக்கால் அம்மையார் பேயுருக் கேட்டு வாங்கிக்கொண்டு நடந்தார். ஆண்டாள் அரங்கன் சன்னிதி வரை போனார். இவர் வீட்டைவிட்டு இறங்காமலே போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவது, எழுத்து. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் மறந்துவிட்டோம். கீழக்கரை, காயல்பட்டினம், அக்கரையில் இலங்கை என்று கடலோர முஸ்லிம்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அரபுத்தமிழ் என்று பெயர். அரபியில் 28 எழுத்துகள். அவற்றில் நம்முடைய ப இல்லை, ட இல்லை, ங, ஞ, ண, ள, ழ எதுவும் இல்லை. இருக்கிற அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டி இந்த ஒலிகளுக்கு எழுத்து உண்டாக்கினார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இந்த எழுத்தில் சட்ட நூலும் பாட்டும் எழுதிக் குவித்தவர். ஆசியா உம்மாவுக்கு 30 வயது ஆகும்வரை அந்தப் பெரியவர் அதே ஊரில் இருந்தார்.

இதனால் பெண்களுக்கு நடந்த நன்மை பெரியது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத வீட்டிலும் பெண்பிள்ளைக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தார்கள். ஓதத் தெரிந்தால் அரபு எழுத்துத் தெரியும். அரபு எழுத்துத் தெரிந்தால் கூடுதலாகச் சில புள்ளிகளை மட்டும் பழகிக்கொண்டு தமிழைப் படித்துவிடலாம். 'அ, ஆ' தெரியாத பாட்டிகள் மாலைகளையும் முனாஜாத்து என்னும் வேண்டுதல் பாட்டுகளையும் கிஸ்ஸா என்னும் கதைப் பாட்டுகளையும் வாய்விட்டுப் படித்தார்கள். ராத்தாவின் உம்மம்மா அப்படித்தான். வாக்குச்சாவடியில் கைநாட்டு. அந்தியில் விளக்கேற்றியதும் மடியில் ரிஹால் என்ற புத்தகத்தாங்கியை விரித்து, இரட்டைக்கோடு போட்ட நோட்டை வைத்து, விரலை வலமிருந்து இடமாக ஓட்டி, ராகம் போட்டுத் தமிழ் படிப்பார். அரசாங்கக் கணக்கில் அவர் எழுத்தறிவில்லாதவர். நான் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, காதில் விழுந்தது மட்டும் அவ்வளவும் என் தமிழ். எம்.ஏ. படித்த நான் அந்தப் பக்கத்துக்கு முன்னால் கைநாட்டு.

நான்காவது, ஊர். வேளாவேளைக்குப் பாங்கு. பழைய ஜும்மா பள்ளியின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் கட்டிய கைகள்தாம் செதுக்கியிருக்கின்றன என்று தெரியும். உமறுப்புலவருக்கு ஆதரவு தந்து சீறாப்புராணம் உருவாகக் காரணமான வள்ளல் சீதக்காதியின் ஊர். பக்கத்து ஏர்வாடியில் சந்தனக்கூடு விழா. சாதி சமயம் பார்க்காமல் வந்து குவியும் கூட்டம். தெருவுக்குள் கடற்காற்று. சங்கு குளிக்கப் போனவர்கள், முத்துக் குளிக்கப் போனவர்கள், கொழும்புக்கு வியாபாரத்துக்குப் போனவர்கள் திரும்பி வரவேண்டுமே என்று காத்திருக்கும் பெண்கள். பாட்டும் துஆவும் அந்தக் காத்திருப்பில் ஊறியவை. கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுப்பார்கள்; மாப்பிள்ளை வந்து தங்குவார். வீடு பெண்ணுடையது. ஆண்கள் கடல் கடந்து போன ஊரில் வீட்டையும் பாட்டையும் பெண்களே வைத்துக் காத்தார்கள். ஆசியா உம்மா ஏறிப்போன மாடி அப்படிப்பட்ட ஓர் ஊரில் இருந்தது.

ஐந்தாவதாக ஒன்றைச் சொல்லவேண்டும், அவருடைய பெயர். ஆசியா என்பவர் பிர்அவ்ன் மன்னனின் மனைவி. கொடுங்கோலனின் அரண்மனையில் இருந்துகொண்டே இறைவனை நம்பியவர். உன்னிடத்தில் எனக்கு ஒரு வீடு கட்டித் தா என்று அவர் இறைவனிடம் வேண்டியதாகக் குர்ஆனில் வருகிறது. சின்ன வயதிலிருந்து தன் பெயருக்குரியவரின் கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண், ஒருநாள் மேல்வீட்டுக்கு ஏறிப்போய்விட்டார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று சாட்சி வைத்து நிரூபிக்க என்னால் முடியாது. ஆனால் நம்புகிறேன். பெயர் வைக்கும்போது நாம் பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்கிறோமே, அது சும்மா இல்லை.

இனி லண்டனுக்குப் போவோம்.

எலிசபெத் பாரெட் 1806இல் பிறந்தவர். ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் கரும்புத்தோட்டம் வைத்துச் சம்பாதித்த குடும்பம். இளவயதிலேயே நோய், வலிக்கு அபின். 1840இல் அவருடைய பிரியமான தம்பி, டார்க்கீ என்ற ஊரின் கடலில் படகு கவிழ்ந்து இறந்தார். தன்னோடு இருக்கவந்ததால்தானே இறந்தான் என்று அவர் மனம் ஆறவில்லை. அடுத்த ஆண்டு லண்டன் விம்போல் தெரு வீட்டுக்குத் திரும்பி மாடியறையில் அடைந்தார். ஜன்னலைக்கூட அதிகம் திறப்பதில்லை. துணைக்கு ஒரு நாய்க்குட்டி. அப்படி அடைந்து கிடந்தவர்தான் 1843இல், சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலைசெய்யும் பிஞ்சுக் குழந்தைகளின் அழுகையைப் பாட்டாக எழுதி இங்கிலாந்தையே உலுக்கினார். அவர் சுரங்கத்தைப் பார்த்தாரா? இல்லை. குழந்தைத் தொழிலாளர் பற்றிய அரசு விசாரணை அறிக்கையைப் படித்தார். தன் குடும்பத்துச் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதையும் அவர் மறக்கவில்லை. அடிமைமுறையை எதிர்த்துப் பாடினார். 1846இல், 40 வயதில், ராபர்ட் பிரௌனிங்கை ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போனார். அப்பா கடைசிவரை மன்னிக்கவில்லை. மகள் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமலே வைத்திருந்து திருப்பிவிட்டார். அந்தக் கட்டிலிலிருந்து அவர் எழுந்து படியிறங்கிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மகிழ்ச்சிதான்.

கிறிஸ்டினா ரொசெட்டி (1830–1894) வேறு விதம். அப்பா இத்தாலியிலிருந்து நாடுகடந்து வந்த கவிஞர், தாந்தேயில் ஊறியவர். வீட்டில் அண்ணன்களும் அக்காவும் எழுதுகிறவர்கள். அம்மாவின் பைபிள் பக்தி. இரண்டு பேர் மணக்கக் கேட்டும் சமயக் கருத்து ஒத்துவரவில்லை என்று மறுத்துவிட்டார். அம்மாவோடும் சித்திகளோடும் வீட்டிலேயே இருந்தார். 1859 முதல் சில ஆண்டுகள், வழிதவறியவர்கள் என்று சமூகம் தள்ளிய பெண்களுக்கான ஹைகேட் இல்லத்தில் போய்ச் சேவை செய்தார். அவருடைய பாடல்களில் பாதிக்கு மேல் பக்திப் பாட்டு. ஆசியா உம்மாவைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் உட்காரவைத்தால் இரண்டு பேருக்கும் மொழிபெயர்ப்பாளர் அதிக நேரம் தேவைப்படமாட்டார்.

ஒரே ராணியின் காலம். விம்போல் தெருவின் மாடிக்கு அறிக்கைகளும் புத்தகங்களும் கடிதங்களும் ஏறின. கீழக்கரை மாடிக்குப் பாங்கும் குருவின் சொல்லும் பாட்டியின் ராகமும் ஏறின. ஒன்று உயர்த்தி, ஒன்று தாழ்த்தி என்று நான் நினைக்கவில்லை.

இதையெல்லாம் நான் வகுப்பில் சொன்னதில்லை. எனக்கே புரிந்தது நானும் ஒரு மாடிக்கு வந்த பிறகுதான். என் வீட்டுக்காரர் போய் ஏழு வருஷமாகிறது. தனியாக இருக்க வேண்டாம் என்று மகன் கூட்டிக்கொண்டு வந்தான். கீழே பேரன்கள் படிக்க, மருமகள் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்க இடம் வேண்டும். எனக்கு மாடி. முழங்கால் வலி. ஒருமுறை இறங்கினால் மறுபடி ஏற மனம் வராது. சாப்பாடு மேலே வந்துவிடும். முதல் ஆறுமாதம் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. பரண்மேல் ஏற்றிவைத்த பித்தளைப் பாத்திரம் மாதிரி என்னை ஏற்றிவைத்துவிட்டார்கள் என்று உள்ளே புகைந்துகொண்டிருந்தேன். மருமகள் தட்டை வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் நின்றால்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்தப் பெண் எதற்காக நின்றாளோ! அதை நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது.

ஒருநாள் விடிகாலை, தூக்கம் வராமல் படுத்திருந்தேன். தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு. அது முடிந்து கொஞ்ச நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் சீர்காழியின் பக்திப் பாட்டு. பிறகு பால்காரரின் மணி. ஆறரைக்கு மீன்கார அம்மாவின் குரல்: "நகரை, சூடை, காரல், விளமீனேய்..." அவர் அதை ஒரு ராகத்தில் சொல்வார், காரலில் இறங்கி விளமீனில் ஏறும். ஆறுமாதமாக இது தினமும் நடந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. ராத்தா சொன்னது அப்போது நினைவுக்கு வந்தது: ஏறிப்போனாங்க, யாரும் ஏத்தி விடல. என்னை ஏற்றிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் எழுந்து, மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். நானாக ஏறிவந்தவள்போல உட்கார்ந்தேன். என் அம்மா பாடிய தாலாட்டுகளை, நினைவில் நின்ற வரைக்கும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். அன்று மருமகள் தட்டு கொண்டுவந்தபோது, "உட்காரும்மா, உங்க ஊர்த் தாலாட்டு ஒன்னு சொல்லு" என்றேன். அவள் பரமக்குடிக்காரி. அவளிடம் ஏழு பாட்டு இருந்தது.

ஒன்றை மட்டும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெண்ணை அறைக்குள் வைத்தால் கவிதை பிறக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் வாயை அடைக்கவேண்டும். எழுபதுகளின் கடைசியில் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண், செய்யுளை ஒருமுறை கேட்டால் திருப்பிச் சொல்லிவிடும். வயதுக்கு வந்ததும் நின்றுவிட்டது. நான் வீட்டுக்குப் போனேன். திண்ணையைத் தாண்டி உள்ளே உட்காரவைத்துத் தொதல் வைத்தார்கள், டீ கொடுத்தார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளையை மட்டும் அனுப்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் தெருமுனை திரும்புகிறவரை அது பார்த்துக்கொண்டு நின்றது. அது ஏறிப்போன மாடி இல்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தப் பக்தியும் மறைத்துவிட முடியாது. ஆசியா உம்மா ஒருவர் பாடினார். பாடாமல் போன எத்தனை பேர் எத்தனை மாடிகளில் இருந்தார்கள் என்று யார் கணக்கு வைத்தது?

அந்தப் பெண்ணைப் பல ஆண்டு கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். 1988இல் கீழக்கரையிலேயே தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்துவிட்டதே, அங்கே தன் மகள் பட்டப்படிப்புப் படிப்பதாகச் சொன்னது. "நீங்க வந்துட்டுப் போனதை உம்மா கடைசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டது. எனக்குப் பேச்சு வரவில்லை.

பெண்களின் பாட்டு எப்படிப் பிழைக்கிறது என்பதை இந்த வயதில் நிறைய யோசிக்கிறேன். செங்கோட்டை ஆவுடையக்காள் இளம் விதவை. அவருடைய அத்வைதப் பாடல்களை அச்சு காக்கவில்லை; தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பெண்கள் பாடிக் காத்தார்கள். இளையான்குடி கச்சிப்பிள்ளை அம்மாள் 'மெய்ஞ்ஞானக் குறவஞ்சி' பாடினார். நம் பாடநூல்களில் அவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எமிலி டிக்கின்சன் என்று ஒரு கவிஞர். அவரும் மாடியறைக்காரர்தான். 1886இல் இறந்தபோது, தன் கடிதங்களைக் கொளுத்திவிடச் சொல்லியிருந்தார். தங்கை லவினியா அப்படியே கடிதங்களைக் கொளுத்தினார். பிறகு பெட்டியைத் திறந்தபோது, அக்கா தன் கையால் தைத்துச் சேர்த்த கவிதைக் கட்டுகள் இருந்தன. மொத்தம் கிட்டத்தட்ட 1,800 கவிதைகள். லவினியா அவற்றைக் கொளுத்தவில்லை. ஆள் ஆளாகப் போய் நின்று, சண்டைபோட்டு, 1890இல் முதல் தொகுப்பை வெளிவரச் செய்தார். அவர் கவிஞர் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்தபோது கையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதனால் நம் கரையில் இருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கீழக்கரையிலோ, பெரியபட்டினத்திலோ, பனைக்குளத்திலோ, தேவிபட்டினத்திலோ, தொண்டியிலோ, பாம்பனிலோ உங்கள் வீட்டுப் பரணில் தகரப்பெட்டி இருந்தால் இறக்குங்கள். உம்மம்மாவுடையதாக இருக்கலாம், அப்பத்தாவுடையதாக இருக்கலாம், அம்மாச்சியுடையதாக இருக்கலாம். கறையான் அரித்த நோட்டு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தாக இருந்தால் இன்னும் கவனமாக வையுங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஊருக்குச் சிலர்தான் இருக்கிறார்கள். எல்லோருக்கும் என் வயதோ அதற்கு மேலோ. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, உங்கள் போனில் பதிவு செய்யுங்கள். அவர்கள் குரல் நடுங்கினால் காத்திருங்கள். ராகம் மறந்துபோனால் தண்ணீர் கொடுங்கள், வந்துவிடும்.

ராத்தாவின் உம்மம்மா விரல் வைத்துப் படித்த அந்த நோட்டைக் கேட்டு நான் ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் போனேன். வீட்டை இடித்துக் கட்டியபோது பழைய பேப்பரோடு போய்விட்டதாம். எந்த மாதம், யார் எடைக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. வெள்ளி என்பதால் காசு தப்பித்தது.